தீபாவளிக்கு வந்த மூன்று ஃபேமிலி கேம்கள்: ஏமாற்றம் எனக்கு மட்டும்தானா?

தாயக்கட்டை (மதுரை)

கம்பெனிப் பெயர் போடக் கூடாது என்பது இந்த மன்றத்தின் விதி, அதனால் போடவில்லை. கடைப்பக்கம் போனவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று புரியும். போகாதவர்களுக்குப் பெயர் தேவையும் இல்லை.

இந்தத் தீபாவளிக்கு ‘குடும்பமே சேர்ந்து விளையாடலாம்’ என்று மூன்று புதுப் பெட்டிகளை இறக்கினார்கள். மூன்றையும் சேர்த்து எடுத்தால் விலை குறைவு என்றார்கள், எடுத்துவிட்டேன். வீட்டில் மனைவி, பன்னிரண்டு வயது மகன், ஒன்பது வயது மகள், அப்பா. எல்லோருக்கும் பிடித்த மாதிரி ஒன்றாவது தேறும் என்று நினைத்தேன். தேறவில்லை.

முதல் பெட்டி, ஊர் வாங்கி வாடகை வசூலிக்கும் பழைய பிசினஸ் கேமின் புதுப் பதிப்பு. காகிதப் பணம் கிடையாது. கால்குலேட்டர் அளவில் ஒரு மெஷின், ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார்டு. வாங்கினால் ‘பீப்’, வாடகை கொடுத்தால் ‘பீப்’. யாரும் வாங்காத ஊரில் காய் நின்றால் கட்டாயம் வாங்கியாக வேண்டும். பணம் இல்லையென்றால் மெஷினே கடன் கொடுத்துவிடும். ஏலம் இல்லை, பேரம் இல்லை, உன் ஊரைக் கொடு என் ஊரைத் தருகிறேன் என்பதும் இல்லை. இருபது நிமிடம் ஆனதும் மெஷின் ஒரு பாட்டுப் பாடி யார் ஜெயித்தார் என்று அறிவிக்கிறது.

இரண்டாவது, எல்லோரும் ஒரே கட்சியாகச் சேர்ந்து காட்டில் மாட்டிக்கொண்ட விலங்குகளை மீட்கும் விளையாட்டு. யோசனை நல்ல யோசனைதான். ஆனால் ஆறு விழுந்தால்தான் காய் காட்டுக்குள்ளேயே நுழையும். நுழைந்த பிறகு, நின்ற கட்டத்தில் இருக்கும் கியூஆர் கோடைப் போனில் ஸ்கேன் செய்து, அது என்ன சொல்கிறதோ அதைச் செய்ய வேண்டும். போன் இல்லாமல் கொஞ்ச நேரம் இருக்கட்டும் என்றுதானே போர்டு கேம் வாங்குகிறோம்?

மூன்றாவது தமிழ்ச் சொல் விளையாட்டு. ரொம்ப எதிர்பார்த்தது இதைத்தான். விவரம் தெரிந்தவர் யாராவது இதைப் பற்றி எழுதட்டும், எனக்கு வயிறு எரிகிறது.

விலை, அட்டைத் தரம் எல்லாம் அப்புறம். மூன்றிலும் ஒரே கோளாறு இருக்கிறது. சீக்கிரம் முடிய வேண்டும், சண்டை வரக் கூடாது, விதி எளிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, ஆடுகிறவர் முடிவெடுக்க வேண்டிய இடங்களையெல்லாம் வெட்டிவிட்டார்கள். வெட்ட வேண்டியது நம் முறை வரும்வரை சும்மா உட்கார்ந்திருக்கும் நேரத்தை. அது அப்படியே இருக்கிறது. நடு ஆட்டத்தில் மகள் கேட்டாள்: “அப்பா, எனக்கும் சேர்த்து நீங்களே உருட்டிவிட்டால் என்ன?” என்ன பதில் சொல்ல?

உங்கள் வீட்டிலும் இப்படித்தானா?

கரும்பலகை (சேலம்)

முதல் பெட்டி மட்டும் வாங்கினேன். ஊர் அட்டைகள் ஒரு வாரத்தில் அப்பளமாக வளைந்துவிட்டன. மற்றதைப் பேச எனக்குப் பொறுமை இல்லை.

அம்மணி (கோவை)

அண்ணா, நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். என் மகனுக்கு ஐந்தரை வயது. அந்த ‘பீப்’ சத்தத்துக்காகவே மடமடவென்று சாப்பிட்டுவிட்டு ஓடி வருகிறான். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வர எட்டு மணி, ஒன்பதரைக்கு அவனைத் தூங்க வைக்க வேண்டும். நடுவில் இருபது நிமிடத்தில் முடிகிற விளையாட்டு கிடைத்தால் விடுவேனா? பழைய பிசினஸ் கேம் எங்கள் வீட்டில் ஒருநாளும் முடிந்து நான் பார்த்ததில்லை. பெரியண்ணன் தோற்கப் போகிறான் என்று தெரிந்ததும் பலகையைக் கவிழ்த்துவிட்டுப் போவான், அதுதான் முடிவு.

கூட்டல் கழித்தல் தெரியாத குழந்தையும் பெரியவர்களோடு உட்கார்ந்து ஆட முடிகிறது. அதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

காட்டு விளையாட்டு எனக்கும் பிடிக்கவில்லை. போன் கைக்கு வந்ததும் பையன் யூடியூபுக்குப் போய்விடுகிறான்.

புலியும்ஆடும் (சென்னை)

அம்மணி சொல்வதில் நேரக் கணக்கு நியாயமானது. ஆனால் பழைய ஆட்டம் இழுத்ததற்குக் காரணம் ஏலமும் பேரமும் அல்ல. அவற்றை விட்டுவிட்டு ஆடியதுதான்.

நம் பிசினஸ் கேம் பின்பற்றும் மொனாபலியின் அச்சிட்ட விதியைப் பாருங்கள். ஒருவர் நின்ற ஊரை அவர் வாங்காவிட்டால் வங்கி அதை உடனே ஏலம் விட வேண்டும். வேண்டாம் என்றவரும் ஏலம் கேட்கலாம். எத்தனை வீட்டில் அப்படி ஆடினோம்? ‘வேண்டாமா, சரி, அடுத்தவன் உருட்டு’ என்று போய்க்கொண்டே இருப்போம். ஊர்கள் விற்றுத் தீரவே ஒரு மணி நேரம் ஆகும். அப்புறம் அந்த ஃப்ரீ பார்க்கிங் கட்டம். அபராதப் பணத்தையெல்லாம் நடுவில் குவித்து வைத்து, அங்கே வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுப்பது. அப்படி ஒரு விதி கிடையவே கிடையாது. வெளியே போக வேண்டிய பணம் திரும்பத் திரும்ப உள்ளே வந்தால் யார் எப்படித் திவாலாவது? விதிப்படி ஆடினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிகிற ஆட்டத்தை நாமே மூன்று மணி நேரம் ஆக்கினோம்.

இன்னொன்று. வங்கியில் வீடு 32, ஹோட்டல் 12, அவ்வளவுதான். தீர்ந்தால் தீர்ந்தது. அதனால் சிலர் நாலு நாலு வீடாகக் கட்டி, ஹோட்டலுக்கு மாறாமல் பிடித்து வைத்துக்கொண்டு, மற்றவருக்குக் கட்ட வீடே கிடைக்காமல் செய்வார்கள். அந்தக் குறும்புக்காகவே ஆடலாம். புதுப் பெட்டியில் வீடே இல்லை. வாடகையை மெஷின் தானே ஏற்றிக்கொள்கிறது.

இதற்கெல்லாம் மூலம் அமெரிக்காவில் எலிசபெத் மேகி உருவாக்கி 1904-இல் காப்புரிமை பெற்ற லேண்ட்லார்ட்ஸ் கேம். நிலத்தைக் குவித்து வைத்திருப்பவன் வாடகையாலேயே மற்றவனை எப்படி ஓட்டாண்டி ஆக்குகிறான் என்று காட்டத்தான் அந்த அம்மாள் அதைச் செய்தார். அதன் வழிவந்த ஆட்டத்தைத் தன்னுடையதாகக் காட்டிய சார்லஸ் டாரோவிடம் 1935-இல் வாங்கிப் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மொனாபலியாக விற்றபோது அந்தப் பாடம் உதிர்ந்தது. பேரமாவது மிஞ்சியது. 2014-இல், மொனாபலியை இப்போது வெளியிடும் ஹாஸ்ப்ரோ, மக்கள் வீட்டில் ஆடுகிற சொந்த விதிகளை ஓட்டுக்கு விட்டு அதை ஒரு பதிப்பாகவே போட்டது. 2018-இல் கள்ள ஆட்டத்தையே விதியாக்கி ‘சீட்டர்ஸ் எடிஷன்’ கொண்டுவந்தது. பிடிக்கிறதோ இல்லையோ, ஆடுகிறவருக்கு ஏதோ ஒரு வேலை வைத்தார்கள். இங்கே நம் வேலை கார்டை நீட்டுவது மட்டும்.

அம்மணி (கோவை)

சரி சார், ஏலம் விடலாம்தான். என் மாமியாரை வைத்துக்கொண்டு ஏலம் விட்டுப் பாருங்கள், அப்புறம் தெரியும்.

பழைய_சோழி (ஸ்ரீரங்கம்)

தம்பிகள் எல்லாம் முடிவு, முடிவு என்கிறீர்களே, பரமபதத்தில் யார் என்ன முடிவெடுத்தோம்? உருட்டு, ஏறு, இறங்கு. அவ்வளவுதான். வைகுண்ட ஏகாதசி அன்று கண் விழிப்பதற்காக விடிய விடிய ஆடியிருக்கிறோம். முடியவில்லையே என்று அலுத்துக்கொண்டவர் கிடையாது. முடியாமல் இருப்பதுதானே அந்த ராத்திரிக்குத் தேவை.

அதில் வேறொன்று இருந்தது. ஒவ்வொரு ஏணிக்கும் பாம்புக்கும் ஒரு கதை உண்டு. மேலே போய் பெரிய பாம்பு வாயில் விழுந்து அடிவரிசைக்கு வந்தவளைப் பார்த்து கூடமே சிரிக்கும். போன வாரம் யார் வீட்டு முறுக்கை எடுத்துத் தின்றாய், அந்தப் பாவம்தான் என்று ஆரம்பிப்பார்கள். வாய் ஓயாது. பேத்தி அந்தக் காட்டு விளையாட்டைக் கொண்டுவந்தாள். எல்லோரும் போன் பேசுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. என் குறை அதுதான். யோசிக்க இடம் இல்லாவிட்டால் போகிறது, பேசவாவது இடம் வேண்டாமா?

தாயக்கட்டை (மதுரை)

அம்மா, பரமபதம் அந்த ராத்திரிக்கென்றே இருப்பது, அதன் மேல் கை வைக்க மாட்டேன். ஆனால் ‘உங்கள் குழந்தையின் திட்டமிடும் திறனை வளர்க்கும்’ என்று பெட்டி மேல் எழுதி யாராவது பரமபதத்தை விற்றால் நீங்களே சண்டைக்குப் போவீர்கள். இவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

பேச இடம் வேண்டும் என்பது நூற்றுக்கு நூறு. அதைத்தான் நான் சரியாகச் சொல்லவில்லை போல... பேரம் இருந்த வரைக்கும் பேச்சும் இருந்தது.

காத்திருப்பதைப் பற்றி ஒரு கணக்கு. ஆறு விழுந்தால்தான் நுழைய முடியும் என்றால், மூன்று முறை உருட்டியும் உள்ளே வராமல் நிற்க வாய்ப்பு 58 சதவீதம். லூடோவிலும் இதே கதைதான். நம் தாயம் அதைவிட மோசம்: 0, 1, 2, 3 உள்ள இரண்டு கட்டையில், நுழையத் தேவையான ஒன்று விழ வாய்ப்பு எட்டில் ஒரு பங்குதான், அதுவும் கட்டை நேர்மையாக இருந்தால். ஆனாலும் தாயத்தை ஏன் விடாமல் ஆடுகிறோம்? உள்ளே வந்த பிறகு எந்தக் காயை நகர்த்துவது, வெட்டுவதா, மலையில் (வெட்ட முடியாத கட்டத்தில்) ஏறி நிற்பதா என்று ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. ஒன்று, ஐந்து, ஆறு, பன்னிரண்டு (இரண்டு கட்டையிலும் 0) விழுந்தால் திரும்பவும் உருட்டலாம், விழுந்ததைப் பிரித்து வெவ்வேறு காய்க்குக் கொடுக்கலாம். கம்பெனிக்காரர்கள் அதிலிருந்து காத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டார்கள்.

சுழிக்கொம்பு (தஞ்சாவூர்)

மூன்றாவது பெட்டியைப் பற்றி நான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

எழுத்து வில்லைகளை அடுக்கிச் சொல் கட்டும் ஆங்கில ஸ்கிராபிளை உருவாக்கிய ஆல்பிரட் பட்ஸ், பத்திரிகைப் பக்கங்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று உட்கார்ந்து எண்ணினார். 100 வில்லையில் ஈ என்ற எழுத்துக்கு 12, கியூவுக்கும் இசட்டுக்கும் ஒன்றே ஒன்று, அதற்குப் பத்துப் புள்ளி. எஸ் என்ற எழுத்து எவ்வளவோ வந்தாலும், எல்லாச் சொல்லின் வாலிலும் ஒட்டிப் பன்மையாக்கிவிடலாம் என்பதால் வேண்டுமென்றே நாலோடு நிறுத்தினார். விளையாட்டின் உயிர் அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

நம் பெட்டிக்கு வருவோம். பதினெட்டு மெய் வரிசைக்கும் தலைக்கு ஆறு வில்லை. க-வுக்கும் ஆறு, ங-வுக்கும் ஆறு. ங-வை வைத்து என்ன செய்வது? ‘ங்க’ என்று க-வுக்கு முன்னால் போடலாம். அதைத் தாண்டினால் ‘அங்ஙனம்’, ‘இங்ஙனம்’. ஆறும் கைக்கு வந்த ஆள் எழுந்து காபி போடப் போகலாம்.

இதுகூடப் பரவாயில்லை. புள்ளி போட்ட விதம்தான் அபாரம். நெடுங்கணக்கு வரிசைப்படி க-வுக்கு 1, ங-வுக்கு 2, ச-வுக்கு 3 என்று போய் கடைசியில் இருக்கும் ன-வுக்கு 18! தமிழில் எதைப் பேசினாலும் ‘ன்’ வந்து நிற்கும். ‘நான்’, ‘அவன்’, ‘ஏன்’, ‘மான்’. ஒவ்வொன்றுக்கும் 18. பாவம் யாராவது ‘ஞாயிறு’ என்று கஷ்டப்பட்டுக் கட்டினால் ஞ-வுக்கு 4. நான் ‘ஏன் ஏன்’ என்று கட்டியே ஜெயித்துக்கொண்டிருக்கிறேன், வீட்டில் என்னோடு ஆட இப்போது ஆள் இல்லை.

அடுத்தது உயிர்க்குறிகள். கால், கொம்பு, சுழி எல்லாம் தனித்தனி வில்லை, தனித்தனிக் கட்டம். ‘கொடி’ என்று போட ஒற்றைக் கொம்பு, க, கால், ட, மேல் விலங்கு என ஐந்து கட்டம் ஆகிறது. சொல்லோ இரண்டு எழுத்து. சரி, அதன் குறுக்கே மேலிருந்து கீழாக ஒரு சொல் கட்ட வேண்டும் என்றால் அந்தக் கொம்பு நிற்கும் கட்டத்தில் எதைக் கட்டுவது? கொம்பில் தொடங்கி எந்தச் சொல்லும் கீழே இறங்காது. பலகையில் பாதிக் கட்டம் இப்படிச் செத்துப்போகிறது. உகரம் இன்னும் வேடிக்கை. கு, டு, து, மு ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி வளையும். இவர்கள் எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு கொக்கி அச்சடித்திருக்கிறார்கள். ‘து’ என்று என் மகனுக்குச் சொன்னேன், நம்ப மாட்டேன் என்றுவிட்டான்.

ட, ண, ழ, ள, ற, ன வரிசையில் தமிழ்ச் சொல் தொடங்காது (டீயும் டயரும் வேறு கணக்கு). அதையாவது யோசித்து, சொல்லின் நடுவில் வரும் எழுத்து எத்தனை, தொடக்கத்தில் வருவது எத்தனை என்று ஒரு நாளிதழை வைத்து எண்ணியிருந்தால் போதும். பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் கொடுத்திருந்தால் ஒரு விடுமுறையில் முடித்திருப்பார்கள்.

வன்னி_அண்ணை (ஸ்கார்பரோ)

இஞ்ச கனடாவில ஒரு தமிழ்க் கடையில அந்தச் சொல் விளையாட்டு வந்தது. பிள்ளைகளுக்குத் தமிழ் பழக்கலாம் எண்டு எடுத்தன். அந்தக் கொக்கியைப் பாத்து என்ர மூத்தவள் ‘இது இங்கிலீஷ் ஜே-யா?’ எண்டு கேட்டாள்.

எங்கட வீட்டில 304 எண்ட சீட்டாட்டம்தான் இன்னும் ஓடுது. ஒரு கட்டுச் சீட்டு போதும். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. நாலு இனத்தையும் கூட்டினா 304. அதுதான் பேரும். கேள்வி கேக்கிறதும், துரும்பைக் கவிட்டு வைக்கிறதும், கூட்டாளியின்ர முகத்தைப் பாத்துக் கணக்குப் போடுறதுமாப் பொழுது போறதே தெரியாது. பத்து வயசுப் பெடியனும் அப்பப்பாவும் ஒரு பக்கம் இருந்து ஆடுவினம். மெசினும் இல்லை, போனும் இல்லை. உந்தக் கொம்பனிக்காரர் ஒருக்கா வந்து பக்கத்தில இருந்து பாக்கட்டும்.

சிவகாசி_அச்சு

தொழில்முறையில் அச்சு, டை கட்டிங் செய்கிறவன். கரும்பலகை சொன்ன வளைசலுக்குக் காரணம் சொல்கிறேன். அந்த அட்டைக்கு ஒரு பக்கம் மட்டும் லேமினேஷன் போட்டிருக்கிறார்கள். மழைக்காலக் காற்றில் ஈரத்தை லேமினேஷன் இல்லாத பக்கம் குடித்து உப்பும், மற்ற பக்கம் உப்பாது. வளையாமல் என்ன செய்யும்? இரண்டு பக்கமும் போட வேண்டும், அல்லது இரண்டு பக்கமும் வார்னிஷோடு நிறுத்த வேண்டும்.

வெளிச்சத்துக்கு எதிரே அட்டையைப் பிடித்துப் பாருங்கள், பின்பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியும். நல்ல சீட்டில் நடுவே கறுப்பாகவோ சாம்பலாகவோ ஒரு படலம் இருக்கும், ஒளி தாண்டாது. அது விலை கூட. 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) போர்டாவது போட்டிருக்கலாம். தொட்டுப் பார்த்த வரையில் இது அதற்குக் கீழே.

காசு எங்கே போனது என்றால், மெஷினுக்கு. பிளாஸ்டிக் மோல்டு அடிக்க ஆரம்பத்திலேயே பெரிய தொகை முடங்கும். அதை வைத்துத்தான் பெட்டி விற்க வேண்டும் என்று முடிவானதும் அட்டையிலும் பலகையிலும் கையைக் கட்டிவிடுவார்கள். வேலை கொடுப்பவர் ‘எவ்வளவுக்குள் முடிக்கலாம்’ என்று மட்டும் கேட்டால் நாங்கள் அதற்குத் தகுந்த அட்டையைத்தான் காட்டுவோம்.

அலமாரி (திருச்சி)

பொம்மைக்கடை வைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் என்னையும் சேர்த்துத் திட்டுங்கள்.

நீங்கள் யாரும் சொல்லாத ஒன்று: இந்தப் பெட்டிகளை வாங்குகிறவர்களில் பெரும்பாலோர் விளையாடப் போவதில்லை. பிறந்தநாள் பரிசு. ‘ஏழு வயசுப் பையன், ஐந்நூறு ரூபாய்க்குள்ளே, பார்க்கப் பெரிசா இருக்கணும்’. கேட்பது இவ்வளவுதான். அதனால்தான் பெட்டியைத் திறந்தால் முக்கால்வாசி காற்று. மெஷின் படம் மேலே இருந்தால் கை தானாகப் போகிறது. உள்ளே ஏலம் இருக்கிறதா என்று இதுவரை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. வாங்கியவருக்கும் ஆடியவருக்கும் சம்பந்தமே இல்லாததால் புகாரும் வராது.

விலையைக் குறை சொல்பவர்களுக்கு: 2021 ஜனவரி முதல் பதினான்கு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளின் பொம்மைக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். பேட்டரி போட்ட சாமான் என்றால் மின்சாரப் பொம்மைக்கான சோதனையும் சேரும். மெஷின் வைத்ததால் வந்த செலவு அதிலும் உண்டு. அதே சமயம் 2025 செப்டம்பர் 22 முதல் லூடோ, கேரம், செஸ் வகைக்கெல்லாம் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது. அட்டையை நல்லதாகப் போட அந்த இடைவெளி தாராளம். போடவில்லை.

கரும்பலகை (சேலம்)

அண்ணே, அப்போ நீங்கள் ஏன் அதை முன்வரிசையில் அடுக்குகிறீர்கள்?

அலமாரி (திருச்சி)

வாடகை கட்ட வேண்டும் தம்பி. எனக்கு மெஷின் கடன் தராது.

புலியும்ஆடும் (சென்னை)

முடிவெடுக்கும் இடங்களை வெட்டிவிட்டார்கள் என்று மேலே தாயக்கட்டை சொன்னதற்குத் திரும்ப வருகிறேன். இருபது நிமிடம் வேண்டும் என்பது அம்மணியின் நியாயமான தேவை. அதை ஒழுங்காகச் செய்தவர்கள் இருக்கிறார்கள்.

கிங்டோமினோ என்று ஒன்று, புரூனோ கதாலா செய்தது, 2017-இல் ஜெர்மனியின் ‘ஸ்பீல் டெஸ் யாரெஸ்’ (ஆண்டின் சிறந்த விளையாட்டு) விருது வாங்கியது. 48 துண்டு. டோமினோ மாதிரி இரண்டு சதுரம் சேர்ந்த துண்டுகள், வயல், காடு, ஏரி என்று படம். நமக்கென்று ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு சின்ன ராஜ்ஜியம் கட்ட வேண்டும். பதினைந்து இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அதில் ஒரே ஒரு சூட்சுமம்: நல்ல துண்டை எடுத்தால் அடுத்த சுற்றில் நீ கடைசியில்தான் எடுப்பாய்; சுமாரான துண்டை எடுத்தால் அடுத்த முறை முதல் ஆள். இவ்வளவுதான் விதி. எட்டு வயசுக் குழந்தைக்குப் புரியும், எண்பது வயசுக்காரரும் தாடையைத் தடவிக்கொண்டு யோசிப்பார். அடுத்தவர் எடுப்பதைப் பார்த்துத்தான் நம் கணக்கு என்பதால் நம் முறை இல்லாதபோதும் கண் பலகையில்தான் இருக்கும்.

ரயில் பாதை போடும் டிக்கெட் டு ரைடு இன்னும் நல்ல உதாரணம். 2004-இல் அதே விருது. ஆளுக்கு 45 ரயில் பெட்டி, ஒரு மணி நேரம் வரை இழுக்கும். 2018-இல் நியூயார்க் என்று ஒரு சின்னப் பதிப்பு போட்டார்கள். ரயிலுக்குப் பதில் டாக்ஸி, ஆளுக்கு 15. கால் மணியில் முடிகிறது. ஆனால் உன் முறை வந்தால் சீட்டு எடுப்பதா, பாதையைப் பிடிப்பதா, புது டிக்கெட் வாங்குவதா என்ற மூன்று கேள்வியும் அப்படியே இருக்கிறது. வரைபடத்தைத்தான் சுருக்கினார்கள், ஆடுகிறவனின் மூளையை அல்ல.

இதெல்லாம் இங்கே வரும்போது விலை எக்குத்தப்பாக ஏறுகிறது, தெரியும். நான் சொல்வது வாங்கச் சொல்லி அல்ல. ஊர் வாங்கும் விளையாட்டையே இருபது ஊருக்குக் குறைத்து, ஏலத்தை வைத்து, எட்டுச் சுற்றில் நிறுத்தியிருக்கலாம். மோல்டுச் செலவும் மிச்சம்.

நெறியாளர்

இரண்டு பதிவுகளில் கம்பெனிப் பெயரை நீக்கியிருக்கிறேன். எழுத்தை மாற்றிப் போட்டு மறைமுகமாகச் சொல்வதும் பெயர் சொல்வதாகவே கொள்ளப்படும். தொடருங்கள்.

தாயக்கட்டை (மதுரை)

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதியிருந்தேன், பதில் வந்தது. வளைந்த அட்டைகளின் படமும் பில்லும் அனுப்பினால் மாற்றுக் கட்டு அனுப்புவார்களாம். கரும்பலகை, நீங்களும் கேளுங்கள். சொல் விளையாட்டின் எழுத்து எண்ணிக்கையைப் பற்றி ‘தயாரிப்புக் குழுவின் கவனத்துக்குக் கொண்டுசெல்கிறோம்’ என்று ஒரு வரி. காட்டு விளையாட்டின் கியூஆர் பக்கங்களை எத்தனை வருடம் இணையத்தில் வைத்திருப்பீர்கள் என்று கேட்டிருந்தேன். அதற்கு மட்டும் பதில் இல்லை. அந்தப் பக்கத்தை அவர்கள் மூடிய அன்றைக்கு என் வீட்டில் இருப்பது ஒரு காட்டுப் படம், அவ்வளவுதான். அப்பா வீட்டுப் பரணில் கிடக்கும் தாயக்கட்டைக்கு இந்தக் கவலை இல்லை.

சுழிக்கொம்பு (தஞ்சாவூர்)

சொல் விளையாட்டை வாங்கித் தொலைத்தவர்களுக்கு, நாங்கள் இப்போது ஆடும் முறை. குறி வில்லைகள் எல்லாவற்றையும் டப்பாவில் போட்டு மூடிவிடுங்கள். மெய் வில்லை ஒவ்வொன்றும் ஒரு எழுத்து. க என்ற வில்லை க், க, கா, கி எதுவாகவும் இருக்கலாம், வைக்கும்போது வாயால் சொன்னால் போதும். குறுக்கே போகும் சொல்லும் கீழே இறங்கும் சொல்லும் அதே வில்லையில் வெவ்வேறு உயிரோடு படிக்கலாம்: குறுக்கே ‘படம்’, அந்த ட-விலிருந்து... இல்லை, ட-வில் எதுவும் தொடங்காது, ம-விலிருந்து கீழே ‘மலை’. ம் என்று நின்றது கீழ்ப்பக்கம் ம ஆகிறது, தப்பில்லை. ங, ஞ வரிசையில் தலைக்கு இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அச்சிட்ட புள்ளியைப் பார்க்காமல் எழுத்துக்கு ஒரு புள்ளி, ழ, ஞ, ங இருந்தால் கூடுதலாக மூன்று. வீட்டில் என்னோடு ஆட மறுபடி ஆள் கிடைத்திருக்கிறது.

வன்னி_அண்ணை (ஸ்கார்பரோ)

இது நல்லாயிருக்கு. பிள்ளைகள் வாயால உயிரெழுத்தைச் சொல்ல வேணும் எண்டதால உச்சரிப்பும் பழகும். இந்தச் சனிக்கிழமை ஆடிப் பாக்கிறம்.

அம்மணி (கோவை)

புலி சார் சொன்ன மாதிரி ஏலம் வைத்து ஆடிப் பார்த்தோம். மெஷின் அச்சிட்ட விலையைத் தவிர வேறு எதையும் ஏற்காது, அதனால் அம்மா வீட்டிலிருந்து பழைய செட்டின் காகிதப் பணத்தைக் கொண்டுவந்தேன். ஆளுக்கு எட்டுச் சுற்று, அத்தோடு எண்ணிப் பார்ப்பது. பையன் பணம் எண்ணும் வேலையை எடுத்துக்கொண்டான், நூறு நூறாக அடுக்கத் தெரிகிறது. என் மாமியார் ஊட்டியை இரண்டு மடங்கு விலைக்கு எடுத்தார்கள். ‘கல்யாணம் ஆன புதுசுல போன ஊர், விட முடியுமா?’ என்றார்கள். இப்படி ஒரு விஷயம் எங்களில் யாருக்கும் தெரியாது. மாமனார் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து நிமிடம் ஆனது, பரவாயில்லை, வெள்ளிக்கிழமைதானே.

மெஷினைப் பையன் கடை வைத்து விளையாட எடுத்துக்கொண்டான்.

சிவகாசி_அச்சு

விளையாடாத நாளில் பேட்டரியைக் கழற்றி வைக்கச் சொல்லுங்கள் அம்மணி. அந்த மெஷினுக்குள் ஒழுகினால் சுத்தம் செய்யத் திறக்கக்கூட ஸ்க்ரூ கிடையாது, ஒட்டி வைத்திருக்கிறார்கள்.